வண்டிக் கேள்வி பதில்: ஸ்டியரிங் காலத்தில் கை வைக்குமுன்

பழைய ஜீப், லேண்ட் ரோவர் வைத்திருக்கும் வாசகர்களின் ஸ்டியரிங் கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். ஸ்டியரிங் சக்கரத்தைத் தாங்கும் குழாய், உள்ளிருக்கும் தண்டு, டாஷ்போர்டுப் பிடிப்பு எல்லாம் சேர்ந்ததையே இங்கே ‘காலம்’ என்கிறோம். இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

கே: என் பழைய ஜீப்பில் இருப்பது மேலும் கீழும் சாய்க்கக்கூடிய டில்ட் காலம். ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தால் தலைப்பகுதி முழுதும் லொடலொடவென்று ஆடுகிறது. காலத்தையே மாற்றிவிடலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

ப: அவசரப்படாதீர்கள். அந்தக் கால ஜீப்களில் பலவற்றில் இருப்பது ஜெனரல் மோட்டர்ஸின் சாகினா பிரிவு தயாரித்த டில்ட் காலம். அதன் கழுத்துக்குள் நான்கு போல்ட்டுகள் உண்டு. அவை தளர்வதுதான் இந்த ஆட்டத்துக்கு வழக்கமான காரணம். போல்ட்டின் தலை நட்சத்திர வடிவம் என்பதால் சாதாரண சாக்கெட் பிடிக்காது, இ8 அளவு சாக்கெட் வேண்டும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்டியரிங் சக்கரத்தைப் புல்லர் போட்டு எடுங்கள். பூட்டுத் தகட்டை அதற்குரிய கருவியால் அமுக்கி வளையத்தை எடுத்தபின் சிக்னல் சுவிட்சை ஒதுக்கலாம். தலைப்பகுதியைப் பிடித்திருக்கும் இரண்டு பிவட் ஊசிகளும் இழுத்தால் வராது. ஊசியின் துளையில் 8-32 மரையுள்ள ஸ்குரூவைத் திருகி, ஒரு ஸ்பேசரும் நட்டும் போட்டு இறுக்கினால் ஊசி தானாக வெளியே வரும். பிறகு நான்கு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணெய் துடைத்து, நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) தடவி இறுக்குங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். செலவு சில வெள்ளிதான், ஆனால் பொறுமை நிறைய வேண்டியிருக்கும்.

கே: ஜொகூரில் ஹாஃப்-கட் (பாதியாக அறுத்து உதிரிக்கு விற்கும்) வண்டியிலிருந்து எடுத்த காலம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. என் வண்டியின் காலத்தைவிட இது ஏறக்குறைய 12 செ.மீ. குட்டை. தண்டை அறுத்து நடுவில் ஒரு துண்டு வைத்து வெல்டிங் செய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?
– ஈசூன் வாசகர்

ப: வெல்டிங் வேண்டாம். தண்டு முறிந்துவிடும் என்பது மட்டும் காரணமல்ல. முன்பக்கம் மோதும்போது ஸ்டியரிங் பெட்டி (தண்டின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கடத்துவது) பின்னால் தள்ளப்படும். அப்போது தண்டு தனக்குள்ளேயே சுருங்காவிட்டால் சக்கரம் ஓட்டுநரின் நெஞ்சுக்கு வந்துவிடும். 48 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் சோதனையில் காலம் பின்னால் 127 மி.மீ.க்கு மேல் வரக்கூடாது என்பது அமெரிக்க விதி. பயணிகள் கார்களுக்கு அது 1968இலேயே வந்துவிட்டது, ஜீப் வகை வண்டிகளுக்கு 1980களில்தான் வந்தது. பழைய ஜீப்பில் கை வைப்பவர் தன் காலம் சுருங்கும் வகையா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சுருங்கும் தண்டின் இரு பாகங்களையும் பிடித்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் ஊசிகள்தாம். பக்கத்தில் வெல்டிங் போட்டால் சூட்டில் அவை உருகிப்போகும். அதைவிட மோசம், இரண்டு பாகங்களையும் சேர்த்தே பற்றவைத்துவிடுவது. அப்படிச் செய்தால் உங்கள் கையில் இருப்பது ஈட்டி.

வாங்கிய காலம் ஏற்கெனவே சுருங்கியதா என்று பார்த்தீர்களா? ஹாஃப்-கட் வண்டிகளில் விபத்தில் பட்டவையும் உண்டு. வெளிக்குழாயில் வலைப்பின்னல் பகுதி இருந்தால் அது கசங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டாஷ்போர்டில் மாட்டும் பிடிப்பின் கேப்சூல்கள் (மோதலில் நழுவிக் கழலும் சிறு துண்டுகள்) தம் பள்ளத்திலிருந்து நகர்ந்திருந்தாலும், தண்டின் துளைகளில் பிளாஸ்டிக் வெட்டுண்டு தெரிந்தாலும் அந்தக் காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் 12 செ.மீ. வித்தியாசத்தில் ஒரு பகுதி இப்படிச் சுருங்கியதால் வந்ததாகவும் இருக்கலாம்.

காலம் நல்லதாக இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிட்டு, காலத்துக்கும் ஸ்டியரிங் பெட்டிக்கும் இடையிலுள்ள நடுத்தண்டை மட்டும் புதிதாக அமையுங்கள். இதற்கென்றே இரண்டு பக்கம் தட்டையான டிடி தண்டு விற்கிறது. 3/4 அங்குலத் தண்டு 1 அங்குலக் குழாய்க்குள் நழுவும், மோதலில் சுருங்கும். எங்கள் கணக்கில் 75 மி.மீ. ஆவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும், அதற்கு மேல் 100 மி.மீ. உள்வாங்க இடமும் வேண்டும். தண்டின் நுனி, தண்டுகளைக் கோணத்தில் இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்டின் உட்சுவரோடு சமமாக நிற்கட்டும். அதைத் தாண்டி நீட்டினால் திரும்பும்போது ஜாயிண்டின் குறுக்குத்துண்டில் இடிக்கும். செட் ஸ்குரூ உட்கார, தண்டில் டிரில் முனையால் சிறு குழி போட்டு, லாக்டைட் தடவி இறுக்கி, மேலே லாக் நட் போடுங்கள்.

பெட்டி முனையின் பற்களை எண்ணாமல் ஜாயிண்ட் வாங்காதீர்கள். 3/4 அங்குலத்தில் 36 பல்லும் உண்டு, 30 பல்லும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாறிப்போனதைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் பல் மழுங்கி, ஒருநாள் சக்கரம் வெறுமனே சுற்றும். பிஞ்ச் போல்ட் வகை ஜாயிண்டாக இருந்தால், தண்டில் குறுக்கே ஓடும் பள்ளத்தின் வழியாகத்தான் போல்ட் போக வேண்டும். தண்டு அரைகுறையாக நுழைந்து, பள்ளத்தில் உட்காராமல் போல்ட் மட்டும் மாட்டிக்கொண்டால் ஜாயிண்ட் கழன்று வந்துவிடும். ஹார்டுவேர் கடையின் சாதாரண போல்ட் உதவாது. கையேடு சொல்லும் தரத்திலேயே வாங்கி, நைலாக் நட்டை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள்.

இனி பலரும் தவறவிடும் இடம். இரண்டு ஜாயிண்ட் இருந்தால், நடுத்தண்டின் இரு முனைக் கவட்டைகளும் (ஜாயிண்டின் U வடிவ முனைகள்) ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இரு பக்கக் கோணமும் முடிந்தவரை சமமாக இருக்கட்டும். ஒரு ஜாயிண்ட் 30 பாகையில் சுற்றும்போது வெளிவரும் வேகம் சுமார் 13 விழுக்காடு குறைந்தும் 15 விழுக்காடு கூடியும் மாறிக்கொண்டே இருக்கும். கவட்டைகள் நேராக இருந்தால் இரண்டாவது ஜாயிண்ட் அந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டிவிடும். 90 பாகை மாறியிருந்தால் அது இரட்டிப்பாகும். ஓட்டும்போது ஸ்டியரிங் ஓரிடத்தில் இலகுவாகவும் மறு இடத்தில் கனமாகவும் தோன்றும், பெட்டி பழுது என்று நினைத்துப் பெட்டியை மாற்றுவீர்கள். 36 பல்லில் ஒரு பல் தவறினால் 10 பாகை. கழற்றுமுன் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுவையுங்கள்.

எக்ஸாஸ்டைச் சுற்றிப் போக மூன்றாவது ஜாயிண்ட் வேண்டியிருந்தால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம். அதை எஞ்சினில் மாட்டாமல் சேசிஸில் மாட்டுங்கள். பேரிங் இல்லாவிட்டால் தண்டு கயிற்றாட்டம் துள்ளும்.

இன்னொன்று. மாற்றத்துக்கு முன் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுதிக் கேளுங்கள். 10 வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது. அங்கே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது எளிது.

கே: பாடி லிஃப்ட் (சேசிஸிலிருந்து பாடியை உயர்த்துவது) 50 மி.மீ. போட நினைக்கிறேன், அதற்கும் அனுமதி கேட்டிருக்கிறேன். ஸ்டியரிங்கில் ஏதாவது செய்ய வேண்டுமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

ப: செய்ய வேண்டும். பெட்டி சேசிஸிலேயே நிற்கும், காலம் மட்டும் பாடியோடு மேலே போகும். நழுவும் தண்டு நீண்டு, ஒன்றுக்குள் ஒன்று இருந்த அளவு குறையும். அசல் தண்டில் இருப்பே கொஞ்சமாக இருந்தால், மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கும்போது அது முற்றாகக் கழன்றுவிடலாம். லிஃப்ட் போடுமுன் குழாய் முடியும் இடத்தில் தண்டின்மேல் கோடு கிழித்துவையுங்கள். பிறகு கோடு எவ்வளவு விலகியது என்று அளந்தால் விடை கையில். போதாவிட்டால் நீளமான நழுவு தண்டு வாங்குங்கள், இழுத்துப் பிடித்து ஓட்டாதீர்கள். ஜாயிண்டுகளின் கோணமும் மாறும் என்பதால் இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, எங்காவது இறுகுகிறதா என்று பாருங்கள்.

கே: லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் ஸ்டியரிங் பூட்டின் போல்ட்டுகளுக்குத் தலையே இல்லை. எப்படிக் கழற்றுவது?
– பிடோக் வாசகர்

ப: திருடர்களுக்காகவே அப்படி. இறுக்கும்போது தலை முறிந்துபோகும் வகை போல்ட் அது. நடுவில் சென்டர் பஞ்ச்சால் குறியிட்டு, இடப்பக்கம் சுற்றும் டிரில் முனையால் துளையிட்டால் பல சமயம் துளையிடும்போதே சுழன்று வந்துவிடும். வராவிட்டால் ஓரத்தில் உளியால் மெல்லத் தட்டித் திருப்பலாம். தட்டு போல்ட்டில் விழட்டும், தண்டின் நுனியில் படக்கூடாது. சக்கரத்தை எடுக்கும்போதும் இதே எச்சரிக்கைதான்: நுனியில் சுத்தியல் பட்டால் சுருங்கும் பாகம் சுருங்கிவிடும்.

கே: தண்டையும் பெட்டியையும் இணைக்கும் ரப்பர் கப்ளிங் எண்ணெயில் ஊறி வெடித்திருந்தது. அதை மாற்றியதும் ஸ்டியரிங் கச்சிதமாகிவிட்டது. ஆனால் ஹார்ன் அடிக்கவில்லை!
– தெம்பனிஸ் வாசகர்

ப: ஹார்ன் பொத்தானின் எர்த் பல வண்டிகளில் தண்டு வழியாகத்தான் பெட்டிக்குப் போகிறது. ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால் பழைய கப்ளிங்கில் குறுக்கே ஒரு சிறு கம்பிப் பட்டை இருந்திருக்கும். புதியதில் அது இல்லை, அல்லது மாட்ட மறந்திருக்கிறீர்கள். பின்னல் எர்த் பட்டை ஒன்றைக் கப்ளிங்கின் இரு பக்கப் போல்ட்டுகளுக்கும் இடையே மாட்டுங்கள். முழுத் திருப்பத்தில் இழுபடாமல் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். அப்படியே எண்ணெய் எங்கிருந்து கசிந்தது என்றும் பாருங்கள். பவர் ஸ்டியரிங் பெட்டியின் மேல் சீல் போயிருந்தால் புதிய ரப்பரும் அதே வழிதான் போகும்.