டூ ஆஃப் ஸ்வார்ட்ஸும் எய்ட் ஆஃப் கப்ஸும் சேர்ந்து வந்தால் எப்படிப் படிப்பது?

இருக்கிற வேலையில் தொடர்வதா, விடுவதா என்று கேட்டு இரண்டு டாரட் கார்டு எடுத்திருக்கிறீர்கள். முதலில் டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ் (வாள் இரண்டு), அடுத்து எய்ட் ஆஃப் கப்ஸ் (கோப்பை எட்டு). முதல் கார்டுக்கு ‘முடிவெடுக்க முடியாத நிலை’ என்றும், இரண்டாவதற்கு ‘விட்டுவிட்டுக் கிளம்புதல்’ என்றும் அர்த்தம் படித்திருக்கிறீர்கள். ஒன்று உட்கார் என்கிறது, இன்னொன்று நட என்கிறது, எதை எடுத்துக்கொள்வது என்பது உங்கள் கேள்வி.

எதையும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஜோடியில் முரண்பாடே இல்லை. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஜோடி அடிக்கடி வராது என்றுதான் சொல்வேன்.

அர்த்தப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, இரண்டு கார்டையும் எடுத்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பது ரைடர் வெயிட் டெக் (சீட்டுக்கட்டு), அல்லது அதைப் பின்பற்றி வரைந்த ஒன்று என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் திட்டப்படி பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909-ல் லண்டனில் வெளிவந்த டெக் அது. பழைய மார்செய் டாரட்டில் ‘வாள் இரண்டு’ என்றால் இரண்டு வாளும் கொஞ்சம் பூ வேலைப்பாடும்தான் இருக்கும். ஆள் கிடையாது, இடம் கிடையாது. பமேலா மைனர் கார்டுகளுக்கும், அதாவது வாள், கோப்பை, கோல், நாணயம் என்ற நான்கு சூட்டுகளின் (பிரிவுகளின்) கார்டுகளுக்கும், காட்சி வரைந்தார். இரண்டு கார்டைப் படத்தை வைத்தே சேர்த்துப் படிக்க முடிவது அவர் தந்த கொடை. பல காலம் அந்த டெக்கின் பெயரில்கூட அவருக்கு இடமில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது படங்களுக்கு வருவோம். டூ ஆஃப் ஸ்வார்ட்ஸில் ஒரு பெண் கல் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். கண் கட்டியிருக்கிறது. கைக்கு ஒரு வாளாக இரண்டையும் மார்புக்குக் குறுக்கே பிடித்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நீர், நீரில் பாறைகள், மேலே பிறை. எய்ட் ஆஃப் கப்ஸில் சிவப்பு அங்கி போட்ட ஒருவன் கோலூன்றிப் போய்க்கொண்டிருக்கிறான். அங்கேயும் நீர், அங்கேயும் பாறை, அங்கேயும் நிலா. அவள் எதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாளோ, அதே மாதிரியான இடத்துக்குள்தான் அவன் நடந்து போகிறான். முதல் கார்டில் பின்னணியாக இருந்தது இரண்டாவது கார்டில் பாதையாகிவிட்டது.

கைகளையும் பாருங்கள். அந்தப் பெண்ணை யாரும் கட்டிப்போடவில்லை. எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸில் வரும் பெண்ணைத்தான் துணியால் கட்டியிருக்கும். இவள் நினைத்தால் கண் கட்டை அவிழ்த்துவிடலாம், ஆனால் கை காலியாக இல்லை. அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரு வாளையாவது கீழே வைத்தாக வேண்டும். அடுத்த கார்டில் இருப்பவன் கையில் வாளும் இல்லை, கோப்பையும் இல்லை, ஒரு கோல் மட்டும்தான்.

அவன் விட்டுப்போகும் கோப்பைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எட்டும் நேராக நிற்கின்றன. ஃபைவ் ஆஃப் கப்ஸில் மூன்று கோப்பை கவிழ்ந்து கொட்டிக் கிடக்கும். இங்கே எதுவும் கவிழவில்லை. கீழே ஐந்து, மேலே மூன்று. மேல் வரிசையில் மட்டும் ஒரு கோப்பை அளவுக்கு இடைவெளி. அதனால் இந்தக் கார்டை ‘தோல்வி’ என்று படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் வேலை மோசமானது என்று இது சொல்லவில்லை. சம்பளம் சரியாக வரலாம், கூட வேலை செய்பவர்கள் நல்லவர்களாக இருக்கலாம். அத்தனையும் நின்றபடி இருக்க, ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது. விட முடியாமல் நீங்கள் தவிப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். உடைந்துபோனதை விட்டு வருவது சுலபம், நன்றாக நிற்பதை விட்டு வருவதுதான் கஷ்டம்.

அடுத்து எண்கள். எனக்கு இந்த ஜோடியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒவ்வொரு சூட்டும் ஏஸில் தொடங்கிப் பத்துவரை போகும். வாள் சிந்தனையைக் குறிக்கும், கோப்பை உணர்வை. உங்களுக்கு வந்த வாள் இரண்டாவது. அதாவது தலைக்குள் நடக்கிற வாதம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கோப்பையோ எட்டாவது, உணர்வு நெடுந்தூரம் போய்விட்டது, கிட்டத்தட்ட கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. மனசு கிளம்பி வெகுநாளாகிவிட்டது, புத்தி இப்போதுதான் வந்து உட்கார்ந்து ‘போகலாமா, வேண்டாமா’ என்று கேட்கிறது. உங்கள் ஜோடியை ஒரே வாக்கியமாகச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். இது உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். பொருந்தவில்லை என்றால் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

ஒரு கார்டு இன்னொன்றை அடித்துவிடுமா என்ற சந்தேகத்துக்கும் பழைய விதி ஒன்று உண்டு. லண்டனில் 1888-ல் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பில் வெயிட், பமேலா இருவருமே உறுப்பினர்களாக இருந்தார்கள். கோலுக்கு நெருப்பு, கோப்பைக்கு நீர், வாளுக்குக் காற்று, நாணயத்துக்கு நிலம் என்பது அந்த மரபின் கணக்கு. நெருப்பும் நீரும் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று பலவீனமாக்கும், காற்றும் நிலமும் அப்படியே. காற்றுக்கும் நீருக்கும் அந்தப் பகை கிடையாது. ஆகவே உங்கள் இரண்டு கார்டும் முழு பலத்தோடு நிற்கின்றன. கோப்பைக்குப் பதிலாக எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ் (நாணயம் எட்டு) வந்திருந்தால், உட்கார்ந்து உழைக்கிற கைக்கும் குழம்புகிற தலைக்கும் இடையிலான இழுபறியாக இதைப் படித்திருப்பேன்.

வரிசை மாறினால் கதையும் மாறும். எய்ட் ஆஃப் கப்ஸ் முதலில் வந்து டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ் பிறகு வந்திருந்தால், எதையோ ஏற்கெனவே விட்டு வந்துவிட்டு, அடுத்து எங்கே போவது என்று கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரின் படம் அது. டவர் (இடியும் கோபுரம்), ஸ்டார் (நட்சத்திரம்) ஜோடியும் இப்படித்தான். டவர் முதலில் வந்தால் இடிந்த பிறகு கிடைக்கும் ஆறுதல். ஸ்டார் முதலில் வந்தால் நம்பிக்கையோடு நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது எந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது என்று சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கை. அதனால் கார்டைத் திருப்புவதற்கு முன்பே முதல் கார்டு எதற்கு, இரண்டாவது எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ‘இப்போதைய நிலை, அது போகிற திசை’ என்று வைக்கலாம், ‘நான் காட்டுவது, நான் மறைப்பது’ என்றும் வைக்கலாம். திருப்பிப் பார்த்த பிறகு இடத்தை ஒதுக்கினால் நமக்குப் பிடித்த பதிலுக்கேற்ப கார்டை வளைத்துவிடுவோம்.

மேஜர் (நான்கு சூட்டிலும் சேராத டவர், ஸ்டார் போன்ற கார்டு) ஒன்றும் மைனர் ஒன்றும் வந்தால், மேஜரைப் பெரிய விஷயமாகவும் மைனரை அது அன்றாடத்தில் எப்படித் தெரிகிறது என்பதாகவும் படிக்கலாம். ரிவர்ஸ்டு அர்த்தங்களை, அதாவது கார்டு தலைகீழாக வந்தால் சொல்லும் அர்த்தங்களை, இரண்டு கார்டு ரீடிங்கில் நான் பார்ப்பதே இல்லை. ஒரு கார்டின் மறுபக்கத்தைக் காட்டும் வேலையை அடுத்த கார்டே செய்துவிடுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த ஜோடியைக் காரணம் காட்டி ராஜினாமா செய்யாதீர்கள். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் குறி பார்க்கப் பிரபலமானவை இந்தக் கார்டுகள். உங்கள் சேமிப்பு எத்தனை மாதத்துக்கு வரும், உங்களை நம்பி யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவற்றில் எழுதியிருக்காது. அவை நல்ல கேள்விகளைத் தரும். உங்களுக்குத் தந்திருப்பவை இரண்டு. கையில் பிடித்திருக்கும் இரண்டு வாள்களில், அதாவது இரண்டு வாதங்களில், எதைக் கீழே வைத்தால் கண் கட்டை அவிழ்க்க முடியும்? மேல் வரிசையில் காலியாக இருக்கும் அந்த இடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும்? இரண்டாவதற்கு நேர்மையாகப் பதில் எழுதிப் பாருங்கள். அது இந்த வேலைக்குள்ளேயே கேட்டு வாங்கக்கூடிய ஒன்றா, இங்கே என்றைக்கும் கிடைக்காத ஒன்றா என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தெளிவுக்காக மூன்றாவது கார்டு எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். முதல் இரண்டில் எது புரியவில்லை என்று குறிப்பாகச் சொல்ல முடிகிறபோதுதான் மூன்றாவது உதவும். வந்த பதில் பிடிக்காமல் எடுத்தால் டெக் தீரும்வரை எடுத்துக்கொண்டே இருப்போம். அந்தக் காலி இடத்துக்குப் பதில் எழுதி முடித்த பிறகும் எடுக்கத் தோன்றினால் எடுங்கள், ஆனால் ‘விடலாமா’ என்று மறுபடி கேட்காமல், ‘அந்த இடத்தை நிரப்ப என்னிடம் இப்போது என்ன இருக்கிறது’ என்று கேட்டு எடுங்கள்.