ஊட்டியில் ஓடிய மீட்டர் சென்னையில் 0 காட்டுவது ஏன்?

கேள்வி: பைசைட் 6-ல் (விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் க்யூட் தொகுப்பின் பைத்தான் வடிவம்) ஒரு சின்ன ஸ்க்ரீன் செய்திருக்கிறேன். டிஎஸ்18பி20 சென்சாரிலிருந்து வெப்பநிலை, பிஎம்பி280-லிருந்து காற்றழுத்தம். அழுத்தத்தைப் பாஸ்கலில் முழு எண்ணாக்கி, இரண்டையும் க்யூஎல்சிடிநம்பர் விட்ஜெட்டில் (கால்குலேட்டர் திரை போல எண் காட்டும் பகுதி) காட்டுகிறேன். வெப்பநிலை 27.06, 27.5, அப்புறம் வெறும் 28 என்று குதிக்கிறது. அழுத்தம் ஊட்டியில் ஒழுங்காக வந்தது, சென்னைக்குக் கொண்டுவந்ததும் 0-விலேயே நிற்கிறது. எரர் எதுவும் இல்லை. சென்சார் போய்விட்டதா?

பதில்: சென்சாரை மாற்ற வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பிரச்சினைக்கும் காரணம் ஒன்றே. எண்ணை அப்படியே டிஸ்ப்ளே ஃபங்ஷனிடம் கொடுத்துவிட்டு, எத்தனை இலக்கம், எங்கே ரவுண்டு செய்வது என்பதையெல்லாம் விட்ஜெட்டின் கையில் விட்டிருக்கிறீர்கள்.

முதலில் அழுத்தம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இந்த விட்ஜெட்டில் 5 இலக்கத்துக்குத்தான் இடம். ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே அழுத்தம் 80,000 பாஸ்கலுக்கும் கீழே, 5 இலக்கத்தில் அடங்கிவிடுகிறது. சென்னையில் 1,00,000-ஐத் தாண்டிவிடும், 6 இலக்கம். முழு எண் இடத்துக்குள் அடங்காவிட்டால் இந்த விட்ஜெட் ஓவர்ஃப்ளோ (இடம் போதவில்லை) என்ற சிக்னலை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடும், திரையைத் தொடாது. முன்பு என்ன இருந்ததோ அதுவே நிற்கும். ப்ரோகிராமைத் திறந்தபோது இருந்தது 0, அதனால் 0.

உண்மையில் 0 வந்தது உங்கள் நல்ல நேரம். அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். இதே ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி மலையிலிருந்து இறங்கியிருந்தால், 1,00,000-க்குக் கொஞ்சம் கீழே ஒரு எண்ணில் உறைந்து நின்றிருக்கும், நீங்களும் அதை இப்போதைய அளவு என்றே நம்பியிருப்பீர்கள். ஒரு மீட்டரில் பழைய எண் புதியது போல நிற்பதுதான் நான் மிகவும் பயப்படுகிற பிழை. ஆகவே ஓவர்ஃப்ளோ சிக்னலை ஒரு ஸ்லாட்டோடு (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) இணைத்து, அது வந்தால் நான்கு கோடுகள் காட்டுங்கள். கழித்தல் குறி இந்த விட்ஜெட்டுக்குத் தெரிந்த எழுத்துதான். அதோடு பாஸ்கலை 100-ஆல் வகுத்து ஹெக்டோபாஸ்கலாக்கிவிடுங்கள். 1013.2 என்பதற்குப் புள்ளியோடு சேர்த்து 6 இடம் வேண்டும் (புள்ளிக்கும் ஒரு முழு இடம் போய்விடும்), அதை டிஜிட் கவுண்ட்டில் (விட்ஜெட்டின் இட எண்ணிக்கை) சொல்லிவிடுங்கள்.

இப்போது வெப்பநிலை. இந்த சென்சார் 12 பிட் நிலையில் 0.0625 டிகிரி படிகளாக அளக்கிறது. 27.0625 என்று தசம எண்ணாகக் கொடுத்தால், விட்ஜெட் அதை சி மொழியின் ஜி ஃபார்மட்டில், 5 இடத்துக்குள் அடங்கும்வரை துல்லியத்தைக் குறைத்துக்கொண்டே போய் 27.06 ஆக்கும். அந்த ஃபார்மட் கடைசியில் வரும் பூஜ்யங்களை வெட்டிவிடும், அதனால்தான் 27.50 என்பது 27.5, 28.00 என்பது 28. சென்சாரின் துல்லியமே மைனஸ் 10 முதல் 85 வரை கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி என்கிறபோது, புள்ளிக்குப் பின் இரண்டாவது இலக்கம் பார்ப்பவரை ஏமாற்றும். ஒரே இலக்கம் போதும். எண்ணை நீங்களே ஸ்ட்ரிங்காக்கி (எழுத்துத் தொடராக்கி), அந்த ஸ்ட்ரிங்கை டிஸ்ப்ளேயிடம் கொடுங்கள். சென்சாரின் எல்லைகளான -55.0, 125.0 இரண்டுமே சரியாக 5 இடம்தான்.

ஆனால் ஸ்ட்ரிங் வழியில் வேறு ஒரு பள்ளம் இருக்கிறது. ஸ்ட்ரிங் நீளமாகிவிட்டால் விட்ஜெட் இடப்பக்கத்தை வெட்டிவிட்டு வலப்பக்கத்தை மட்டும் காட்டும். 5 இடத்தில் 1013.25 கொடுத்தால் திரையில் 13.25 வரும். நீளமான ஸ்ட்ரிங்குக்கும் ஓவர்ஃப்ளோ சிக்னல் வரும் என்று க்யூட் ஆவணம் சொல்கிறது, சோர்ஸ் கோடைப் பார்த்தால் அந்தப் பாதையில் சிக்னலே அனுப்பப்படுவதில்லை. எனவே காட்டுவதற்கு முன் ஸ்ட்ரிங்கின் நீளத்தை நீங்களே டிஜிட் கவுண்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மீறினால் கோடுகள். ஒரு வரி வேலை.

ஸ்ட்ரிங்கை எப்படி உருவாக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். பைத்தானின் சாதாரண ஃபார்மட் எப்போதும் புள்ளிதான் போடும். க்யூட்டின் க்யூலோக்கேல் கணினியின் மொழி அமைப்பைப் பின்பற்றும், ஜெர்மன் அமைப்பில் 27,5 என்று காற்புள்ளி வரும். க்யூஎல்சிடிநம்பருக்குக் காற்புள்ளி வரையத் தெரியாது, தெரியாத எழுத்துக்குப் பதிலாக வெற்றிடம் விட்டுவிடும், 27 5 என்று நிற்கும். காற்புள்ளி வேண்டும், தமிழில் அலகு வேண்டும் என்றால் க்யூலேபிளுக்கே (சாதாரண எழுத்து காட்டும் விட்ஜெட்) போய்விடுங்கள். அங்கே எல்லா இலக்கத்துக்கும் ஒரே அகலம் உள்ள ஃபான்ட் எடுத்து, வலப்பக்கம் ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் எண் மாறும்போதெல்லாம் ஆடும். டிகிரி குறி மட்டும்தான் வேண்டுமென்றால் எல்சிடியிலேயே முடியும்: ஸ்ட்ரிங்கில் எண்ணுக்குப் பின் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அதை டிகிரியாக வரையும். அதற்கும் ஒரு இடம் ஒதுக்க மறக்காதீர்கள்.

குளிர் அறையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. மைனஸ் 0.04-ஐ ஒரு இலக்கத்துக்கு ரவுண்டு செய்தால் -0.0 என்று வரும், பார்ப்பவர் குழம்பிப்போவார். பைத்தான் 3.11 முதல் ஃபார்மட்டில் இசட் எழுத்தைச் சேர்த்தால் அந்தக் கழித்தல் குறி போய்விடும். பழைய பதிப்பு என்றால் முதலில் ரவுண்டு செய்து, விடை பூஜ்யமானால் சாதாரண 0 வைத்துவிடுங்கள்.

கோடுகள் காட்டும்போது விட்ஜெட்டின் வேல்யூவைக் கேட்டால் 0 என்று பதில் வரும். அலாரம் அடிக்கும் தர்க்கம் அந்த 0-வை நம்பினால் கதை முடிந்தது. உண்மையான அளவு உங்கள் வேரியபிளில் இருக்கட்டும், திரையிடமிருந்து எதையும் திரும்பக் கேட்காதீர்கள்.

வெப்பநிலை சென்சார் ஒரு அளவு எடுக்க 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். அதை விண்டோ ஓடும் த்ரெட்டிலேயே (ப்ரோகிராமுக்குள் ஓடும் வேலை வரிசை) படித்தால் பட்டன்கள் திணறும். தனி த்ரெட்டில் படித்து சிக்னல் மூலம் அனுப்புங்கள், அந்த த்ரெட்டிலிருந்து விட்ஜெட்டை நேரடியாகத் தொடக்கூடாது. அப்புறம், மின்சாரம் வந்தவுடன் அளவு எடுக்காமலே படித்தால் இந்த சென்சார் 85 டிகிரி என்று சொல்லும். முதல் அளவு 85.0 என்று வந்தால் அதைத் திரைக்கு விடாமல் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.