பால்போல் வெளுத்தால் பாட்டில் கெட்டுவிட்டதா?

கேள்வி: ஐயா, 45 மில்லி சம்புகா (சோம்பு மணமுள்ள இத்தாலிய இனிப்பு மது), 100 மில்லி ஆப்பிள் சாறு, 20 மில்லி மாதுளைப் பாகு, நிறைய ஐஸ் என்று ஒரு காக்டெயில் கலந்தேன். தெளிந்திருந்த சாறு பால்போல் கலங்கிவிட்டது. குடித்துப் பார்த்தால் இருமல் மருந்தின் ருசி. பாட்டில் கெட்டுவிட்டதா? எனக்குப் பழச்சுவையும் இனிப்பும் உள்ள பானம்தான் வேண்டும்.

பதில்: பாட்டிலில் ஒரு குறையும் இல்லை, கொட்டிவிடாதீர்கள். சோம்பு மணத்துக்குக் காரணம் அனெத்தோல் என்ற எண்ணெய்ப் பொருள். ஆல்கஹாலில் அது நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது. சாறும் ஐஸும் சேர்ந்து ஆல்கஹாலின் செறிவு இறங்கியதும், அதுவரை கரைந்திருந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரிந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. கிரேக்கத்தின் ஊசோ, துருக்கியின் ராக்கி, பிரான்சின் பாஸ்தீஸ் என்று சோம்பு மணமுள்ள மதுக்கள் எல்லாம் இப்படித்தான் வெளுக்கின்றன. ஒரு கண்ணாடித் தம்ளரில் ஒரு ஸ்பூன் சம்புகாவை விட்டு, சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த தண்ணீரைச் சேர்த்துப் பாருங்கள். முதலில் நூல் நூலாக வெண்மை ஓடும். இன்னும் கொஞ்சம் விட்டதும் மொத்தமும் மங்கிவிடும். 22 ஆண்டுகளாகக் காக்டெயில் கலக்கிறேன், அந்தக் காட்சியைப் பார்க்க இன்றும் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

இருமல் மருந்து ருசிதான் உங்கள் உண்மையான சிக்கல். அதற்குக் காரணம் அளவு. ஐரோப்பிய விதிப்படி சம்புகாவில் லிட்டருக்குக் குறைந்தது 350 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். நீங்கள் ஊற்றிய 45 மில்லியிலேயே ஏறக்குறைய 16 கிராம் வந்துவிட்டது. அதன்மேல் மாதுளைப் பாகு. போதாததற்கு, அனெத்தோலே நாக்கில் இனிக்கும் பொருள். இத்தனை இனிப்பையும் தாங்கிப் பிடிக்கிற புளிப்பு உங்கள் கலவையில் எங்கே? ஆப்பிள் சாற்றின் புளிப்பு அதற்குப் போதாது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே அளவில்தான் ஊற்றினேன். வாடிக்கையாளர் ஒரு மிடறு குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தம்ளரைத் தள்ளி வைத்தார். கூட வேலை செய்த மூத்தவர் 45 மில்லியை 15 ஆக்கி, எலுமிச்சை பிழிந்து, அதையே மறுபடி கலந்து கொடுத்தார். அவர் காட்டிய வழியில்தான் இன்றும் கலக்கிறேன்:

ஷேக்கரில் 45 மில்லி வெள்ளை ரம், 15 மில்லி சம்புகா, 90 மில்லி ஆப்பிள் சாறு, 20 மில்லி எலுமிச்சைச் சாறு. ஷேக்கர் நிறைய ஐஸ் போட்டு, வெளிப்புறம் பனி பூத்து விரல் மரக்கும்வரை குலுக்கி வடிகட்டுங்கள். ருசி பார்ப்பதைக் குலுக்கிய பிறகே செய்யுங்கள். குளிர்ந்தால் இனிப்பு மங்கும், ஐஸ் உருகிய தண்ணீரும் சேர்ந்திருக்கும். அப்போதும் இனிப்பு போதாவிட்டால் மாதுளைப் பாகு 5 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். ஆப்பிளுக்குப் பதிலாக அன்னாசிச் சாறு ஊற்றினால் மேலே அழகான நுரை நிற்கும். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். மாம்பழக் கூழை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் கனத்தில் சோம்பு மணம் அமுங்கிப் போகிறது.

மாதுளைப் பாகு உங்களுக்கு அவ்வளவு பிடிக்கும் என்றால் பிரெஞ்சுக்காரர்களின் ‘தோமாத்’ இருக்கிறது. பாஸ்தீஸ், மாதுளைப் பாகு, தண்ணீர், அவ்வளவுதான். தக்காளி நிறத்தில் இருப்பதால் அந்தப் பெயர்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்ன ஒரு தம்ளரில் 60 மில்லி ரம்முக்குச் சமமான ஆல்கஹால் இருக்கிறது. பழச்சுவை அதை மறைத்துவிடும். விருந்தினருக்குக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்த பாஸ்தீஸ் பாட்டிலில் வெள்ளைச் செதில்கள் மிதக்கின்றன. குடிக்கலாமா?

பதில்: தாராளமாக. சுத்தமான அனெத்தோல் சுமார் 21 டிகிரி செல்சியஸிலேயே உறைகிற பொருள்; குளிரில் அது பிரிந்து படிகமாகியிருக்கிறது. பாட்டிலை வெளியே எடுத்து வைத்து, குளிர் விட்டதும் மெல்ல ஆட்டுங்கள், கரைந்துவிடும். இதே காரணத்தால்தான் பாஸ்தீஸில் முதலில் தண்ணீர், பிறகு ஐஸ் என்ற வரிசை.

கேள்வி: என் தங்கை மது தொடமாட்டாள். அவளுக்கும் இந்த மணத்தில் ஒன்று கலக்க முடியுமா?

பதில்: முடியும் அம்மா. 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர், லேசாக இடித்த சோம்பு ஒரு மேசைக்கரண்டி. சிறு தீயில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி அரை மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். இந்தப் பாகில் 15 மில்லி, அன்னாசிச் சாறு 120 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி சேர்த்து, ஐஸுடன் அதே போலக் குலுக்குங்கள். உங்கள் பானத்துக்கு எடுக்கும் அதே மாதிரித் தம்ளரில் அவருக்கும் ஊற்றிக் கொடுங்கள்.