மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

மூன்று வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் ஒரு வாக்குவாதம். என் மகள் ஏழாம் வகுப்பு. 'தாவரங்கள் தமக்குத் தேவையான உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன' என்று சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த என் அப்பா நாற்பது வருடம் விவசாயம் பார்த்தவர். "அப்படின்னா நான் எதுக்கு மூட்டை மூட்டையா உரம் போட்டேன்? மண்ணைத் தின்னுதாம்மா பயிர் வளருது" என்றார். அவள் விடவில்லை. "நம்ம வேப்பமரம் மண்ணைத் தின்னிருந்தா அடியில பள்ளம் விழுந்திருக்கணுமே தாத்தா?" என்று கேட்டாள். அப்பாவிடம் பதில் இல்லை, இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பி.காம். படித்தவன். பள்ளியில் படித்த ஒளிச்சேர்க்கைச் சமன்பாடு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது, ஆனால் அதை வைத்து எங்கள் வேப்பமரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இவர்களில் யார் சொல்வது சரி?

மணப்பாறைப் பக்கமிருந்து ஒரு வாசகர்
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மகளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அடியில் பள்ளம் விழவில்லையே என்று அவள் கேட்டது கிட்டத்தட்ட 400 வருடப் பழைய கேள்வி. அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக ஐந்து வருடம் காத்திருந்த ஒரு மனிதர் இருக்கிறார்.

யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்று பெயர். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் வாழ்ந்த மருத்துவர். ஒரு பெரிய தொட்டியில், அடுப்பில் வைத்து நன்றாகக் காயவைத்த மண்ணை 200 ராத்தல் எடைபோட்டு நிரப்பினார், அதில் 5 ராத்தல் எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டார் (கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த மர இனம்). மழைத் தண்ணீரும் காய்ச்சி வடித்த தண்ணீரும் தவிர வேறு எதுவும் ஊற்றவில்லை. வெளித் தூசி விழுந்து கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்று தொட்டியின் வாயை ஓட்டைபோட்ட தகரத்தால் மூடினார். ஐந்து வருடம் கழித்து மரத்தைப் பிடுங்கி எடைபோட்டால் 169 ராத்தலும் கொஞ்சமும், அதாவது சுமார் 77 கிலோ. நடுவில் நான்கு இலையுதிர் காலத்தில் கொட்டிய இலைகள் இந்தக் கணக்கில் சேராது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தார், 200 ராத்தலில் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. நம் கணக்கில் 60 கிராம்கூட வராது.

ஆக, மரம் மண்ணைத் தின்று வளரவில்லை. அந்த வாக்குவாதத்தில் இந்த இடம்வரை உங்கள் மகள் சொல்வது சரி.

ஆனால் ஹெல்மான்ட் அடுத்து வந்த முடிவு தவறு. ஊற்றியது தண்ணீர் மட்டும்தானே, அப்படியானால் மரக்கட்டை, பட்டை, வேர் எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தவை என்று எழுதிவைத்தார். அவர் 1644ல் இறந்துபோக, மகன் 1648ல் அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக்கினார். எனக்கு இந்தக் கதையில் மனதைப் பிசைகிற இடம் வேறு. நாம் கேஸ் அடுப்பு, கேஸ் சிலிண்டர் என்கிறோமே, அந்த 'கேஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இதே ஹெல்மான்ட்தான். 62 ராத்தல் கரியை எரித்தால் 1 ராத்தல் சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி 61 ராத்தலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆவியாகப் போய்விடுகிறது என்று கண்டு அதற்குப் பெயர் வைத்தவர். இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்வது அதைத்தான். மரத்தை எரித்தால் அது காற்றாகப் போகிறது என்று பார்த்தாகிவிட்டது. காற்றிலிருந்து மரம் வருகிறது என்று அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு பாதியும் ஒரே மனிதரின் கையில் இருந்தன, சேர்க்க இன்னும் நூற்றுச் சொச்சம் வருடம் ஆனது.

சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1771 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன மூடிய காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார், பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிந்தது. 1779ல் யான் இங்கன்ஹவுஸ், இது வெளிச்சத்தில் மட்டும்தான் நடக்கிறது, அதிலும் பச்சையான பாகத்தில் மட்டும்தான் நடக்கிறது என்று காட்டினார். 1804ல் ஜெனீவாவில் நிக்கோலா தியோடர் த சொசூர் உட்கார்ந்து எடைக்கணக்குப் போட்டு, காற்றிலிருந்து வந்த கார்பன் மட்டும் இல்லை, தண்ணீரும் செடியின் உடம்பில் சேருகிறது என்று நிறுவினார். அப்படியானால் ஹெல்மான்ட் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

இப்போது அந்த ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டுக்கு வருவோம். கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வெளிச்சத்தின் சக்தியால் சர்க்கரையும் ஆக்சிஜனும் ஆகின்றன என்பதுதான் அது. அதை நானும் மதிப்பெண்ணுக்காக எழுதியவன்தான், அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று எண்ணிக்கை சரிபார்த்ததோடு சரி. அது ஒரு மரத்தின் பிறப்பைச் சொல்கிறது என்று பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வேப்பிலையைப் பறித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான வாய்கள் அதில் இருக்கின்றன, இலைத்துளைகள் என்பார்கள். அவை வழியாகக் காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றில் செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தெரியுமா? 10,000 பங்கில் சுமார் 4 பங்கு. அவ்வளவு கொஞ்சமாகக் கிடைப்பதைப் பிடித்துப் பிடித்துத்தான் உங்கள் வேப்பமரம் அத்தனை பெரிதாகியிருக்கிறது. பிடிக்கிற இடம் இலையின் செல்கள். ஒரு செல்லுக்குள் முப்பது நாற்பது பசுங்கணிகங்கள் இருக்கும், இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கிற பச்சையம் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. முதல் வேலைக்கு வெயில் வேண்டும். பச்சையம் வெளிச்சத்தை வாங்கி அந்தச் சக்தியால் தண்ணீரை உடைக்கிறது. தண்ணீரிலிருந்து பிரிகிற ஆக்சிஜன் வெளியே போய்விடுகிறது, நாம் இழுக்கும் மூச்சு அதுதான். ரொம்ப நாள் அது கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1941ல் அமெரிக்காவின் பெர்க்லியில் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் குழுவினரும் எடை கூடிய ஒருவகை ஆக்சிஜன் உள்ள தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்து, வெளியே வருவது தண்ணீரின் ஆக்சிஜன்தான் என்று காட்டினார்கள். இரண்டாவது வேலை, முதல் வேலையில் சேமித்த சக்தியைக் கொண்டு காற்றுக் கார்பனைப் பிடித்துச் சர்க்கரை ஆக்குவது. இதைச் செய்கிற புரதத்துக்கு ரூபிஸ்கோ என்று பெயர். மிக மெதுவான தொழிலாளி, ஒரு விநாடிக்கு மூன்று நான்கு மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும், அந்த மந்தத்தை ஈடுகட்டச் செடி அதை அள்ளி அள்ளிச் செய்துவைத்திருக்கிறது.

அப்புறம் அந்தச் சர்க்கரையைக் கோர்க்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு விதமாகக் கோர்த்தால் மாவுச்சத்து, வேறு விதமாகக் கோர்த்தால் செல்லுலோஸ். ஒரே சர்க்கரை, இணைப்பு திரும்புகிற விதம் மட்டும் வேறு. ஒன்று அரிசி, இன்னொன்றுதான் வைக்கோலில் அதிகமாக இருப்பது. ஒரே நெற்பயிர், ஒரே காற்று, அறுவடைக்குப் பிறகு ஒரு கோர்ப்பு நம் தட்டுக்கு வருகிறது, இன்னொரு கோர்ப்பு மாட்டுக்குப் போகிறது. நம் குடலால் அந்த இரண்டாவது இணைப்பை வெட்ட முடியாது, மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகளால் முடியும். பருத்தியும் முக்கால்வாசிக்கு மேல் செல்லுலோஸ்தான், அப்பா கட்டியிருக்கிற வேட்டியும் ஒரு காலத்தில் காற்றாக இருந்தது.

சரி, இனி உங்கள் அப்பாவின் பக்கம். அவர் சொன்னதைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது, ஏனென்றால் ஹெல்மான்ட் கவனிக்காமல் விட்ட அந்த 2 அவுன்ஸில்தான் உங்கள் அப்பாவின் நாற்பது வருட அனுபவம் இருக்கிறது.

விறகு அடுப்பு எரித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு கட்டு விறகு எரித்தால் ஒரு கை சாம்பல். காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்ததெல்லாம் புகையாகவும் ஆவியாகவும் திரும்பிப் போய்விட, மண்ணிலிருந்து வந்த உப்புகள் பெரும்பாலும் சாம்பலாகத் தங்குகின்றன. நன்றாகக் காய்ந்த செடியின் எடையில் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்தே சுமார் 96 சதவீதம், மண் கொடுத்தது மீதி நாலைந்து சதவீதத்துக்குள். அந்தச் சாம்பலைக் கொண்டுபோய் வாழைக்கும் தென்னைக்கும் போடுகிறோமே, மண்ணுடையதை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். உரக்கடையில் பொட்டாசியத்தைச் 'சாம்பல் சத்து' என்று சொல்வது இதனால்தான். அந்தப் பெயரை அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

அந்த நாலைந்து சதவீதம் இல்லாவிட்டால் மீதி 96 வரவே வராது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவில் ஒரு மெக்னீசியம், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன். ரூபிஸ்கோவைச் செய்யவும் நைட்ரஜன் வேண்டும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைந்த வயலில் இலை மஞ்சளாவதை அப்பா தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார், அந்த மஞ்சள் என்பது காற்றைப் பிடிக்கிற இயந்திரத்தைக் கட்டப் பொருள் இல்லை என்று செடி காட்டுவது. உரத்தைப் பயிரின் சோறு என்று நினைக்காமல், சோறு ஆக்குகிற அடுப்பு, பானை, அகப்பை என்று நினைத்தால் தாத்தாவும் பேத்தியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும். இரண்டாவது போகத்துக்கு மறுபடி ஏன் உரம் போட வேண்டும்? அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த நெல்லோடும் வைக்கோலோடும் அந்தப் பாத்திரங்களும் வந்துவிட்டன.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லலாம், அவருக்குப் பிடிக்கும். சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கிற சமயத்தில் உரமாகட்டும் என்று மடக்கி உழுதிருப்பார். அந்தச் செடியைப் பிடுங்கினால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும், அவற்றுக்குள் வாழ்கிற பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. அவர் முதுகில் சுமந்த யூரியா மூட்டையிலும் நைட்ரஜன் காற்றிலிருந்து எடுத்ததுதான். ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்து காட்டிய அந்த முறை 1913ல் ஜெர்மனியில் ஆலையாக ஓட ஆரம்பித்தது. அதனால் தழைச்சத்து விஷயத்தில் மண் பெரும்பாலும் நடுவில் நிற்கிற கைதான்.

தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காற்றை உள்ளே விட இலைத்துளையைத் திறந்தால் அதே வாசல் வழியாகத் தண்ணீர் ஆவியாக வெளியே போய்விடும், வேர் உறிஞ்சுகிற தண்ணீரில் மிகப் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு இவையெல்லாம் கார்பனை முதலில் வேறொரு புரதத்தால் பிடித்து, உள்ளே தள்ளி, ரூபிஸ்கோவைச் சுற்றி நெருக்கமாகக் குவித்துவைக்கின்றன, அதனால் துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும். அதே எடை காய்ந்த பயிருக்கு நெல்லுக்குத் தேவைப்படுவதில் பாதித் தண்ணீர் போதும் என்று தோராயமாகச் சொல்லலாம். மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் போட்டதற்கு உள்ளே இருக்கிற காரணங்களில் இது முக்கியமானது.

மகளுக்கு ஒரு சோதனை. உங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள் என்றால் அவள் பார்த்திருப்பாள். வெயில் படாத அறையில் வளர்த்த பயிர் வெளிர் மஞ்சளாக, தளதளவென்று உயரமாக நிற்கும். பார்த்தால் விதை பல மடங்கு பெருகிவிட்ட மாதிரி இருக்கும். எண்ணி நூறு நூறாக மூன்று பங்கு தட்டைப்பயறு எடுக்கட்டும். ஒன்றை அப்படியே வெயிலில் நன்றாகக் காயவைக்கட்டும். இன்னொன்றை ஈரத்துணி விரித்த தட்டில் இருட்டறையிலும், மூன்றாவதை அதே மாதிரித் தட்டில் வெளிச்சத்திலும் முளைக்கவிட்டு, இரண்டுக்கும் தண்ணீர் மட்டும் தெளித்து வரட்டும். பன்னிரண்டு நாள் கழித்து வேரோடு எடுத்து, மொறுமொறுவென்று ஆகும்வரை காயவைத்து, பள்ளி ஆய்வகத்துத் தராசில் மூன்றையும் நிறுக்கச் சொல்லுங்கள். நிறுப்பதற்கு முன்னால் எது கனமாக இருக்கும் என்று தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவைக்க வேண்டும். அவ்வளவு உயரம் வளர்ந்த இருட்டுப் பயிர் விதையாக இருந்ததைவிட எடை குறைந்திருக்கும், ஏனென்றால் அது மூச்சுவிட்டுத் தன் சேமிப்பைத்தான் கரைத்துக்கொண்டிருந்தது, வெளிச்சம் இல்லாததால் காற்றிலிருந்து எதையும் பிடிக்க முடியவில்லை. வெளிச்சத்துத் தட்டு குட்டையாக இருந்தாலும் இருட்டுத் தட்டைவிட கனமாக இருக்க வேண்டும்.

எடைகளை அவளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள், தாத்தா என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.

அன்புடன்