தோட்டத்தில் இரண்டு விநாடி: லூயி லெ பிரின்ஸ் பற்றிய கேள்விகளும் பதில்களும்

எடிசனுக்கும் லூமியேர்களுக்கும் முன்பே, 1888இல், அசையும் படம் பிடித்துவிட்டு இரண்டு ஆண்டில் காணாமல்போனவர் லூயி லெ பிரின்ஸ். போன முறை எழுதியபோது அவர் பெயரைப் போகிறபோக்கில் சொன்னேன். அதற்கு இத்தனை கேள்விகள். தியேட்டரில் படம் ஓட்டும் அறையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். எனவே ஆள் காணாமல்போன மர்மத்தைவிட அவருடைய கருவிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சினிமாவைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்றும் லூமியேர் சகோதரர்கள் என்றும்தானே படித்தோம்? இவர் எங்கிருந்து வந்தார்?

பதில்: பிரான்சின் மெட்ஸ் நகரிலிருந்து. 1841இல் பிறந்தவர். தந்தை பீரங்கிப் படை அதிகாரி. ஒளிப்படக் கலையின் முன்னோடி டாகேர் குடும்ப நண்பர். பாரிசில் ஓவியமும் லைப்சிக்கில் வேதியியலும் பயின்றார். 1866இல் நண்பர் ஜான் விட்லி அழைத்ததால் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனார். மூன்றாண்டுகளில் அந்த நண்பரின் சகோதரியையே மணந்துகொண்டார். எடிசன் தம் படக்கருவிக்குக் காப்புரிமை கேட்டது 1891இல். லூமியேர்கள் பாரிசில் கட்டணம் வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28 அன்று. லெ பிரின்ஸ் படம் பிடித்தது 1888இல்.

கேள்வி: 1888 என்பதை எப்படி நம்புவது? தேதியைப் பின்னாளில் யாரும் முன்தள்ளிச் சொல்லியிருக்கலாமே?

பதில்: சரியான சந்தேகம். இதற்கு விடை சொல்வது ஒரு கல்லறை. லீட்ஸுக்கு அருகிலுள்ள ரவுண்ட்ஹே என்ற இடத்தில் மாமனார் வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படம் அது. நான்கு பேர் நடந்து சுற்றுகிறார்கள்: மகன் அடால்ஃப், மாமனார் ஜோசப், மாமியார் சாரா, குடும்பத்துக்குத் தெரிந்த ஹார்ட்லி என்ற பெண். மாமனார் திரும்பும்போது கோட்டின் வால் பறக்கிறது. மொத்தமே இரண்டு விநாடிதான். அந்தப் படத்தில் உயிரோடு நடமாடும் சாரா 1888 அக்டோபர் 24 அன்று இறந்துபோனார். படம் எடுத்த நாள் அக்டோபர் 14 என்று மகன் சொன்னதை யாராவது மறுக்கலாம். அம்மையார் இறந்த பிறகு எடுத்தது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: முதலில் பதினாறு லென்ஸ் வைத்த கேமரா செய்தாராமே? எதற்கு அத்தனை?

பதில்: படச்சுருளை நகர்த்துவதில் இருந்த தொல்லைக்காக. ஒவ்வொரு படத்துக்கும் சுருள் அசையாமல் நிற்க வேண்டும், உடனே அடுத்த படத்துக்கு நகர வேண்டும். இது விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை நடக்க வேண்டும். நாங்கள் ஓட்டிய புரொஜெக்டரின் 'டகடக' ஓசையே இந்த நிறுத்தமும் நகர்வும்தான். அவர் இதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். எட்டு லென்ஸ்கள் ஒரு சுருளில் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் பிடிக்கும். அதற்குள் மற்ற எட்டுக்கும் உரிய சுருள் நகர்ந்து தயாராக நிற்கும். ஒளியை விட்டு மறைக்கும் ஷட்டர்களைத் திறக்க மின்காந்தம். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் பதினாறு லென்ஸும் பதினாறு இடத்தில் இருந்து பார்க்கின்றன அல்லவா? படம் குதித்தது. அமெரிக்கக் காப்புரிமை 1888 ஜனவரியில் இதற்குத்தான் கிடைத்தது. ஒற்றை லென்ஸுக்குக் கேட்ட உரிமையை அங்கே ஏற்கவில்லை. பிரிட்டிஷ் காப்புரிமையில் அது இடம்பெற்றது. பிற்காலத்தில் குடும்பத்தை வாட்டியது இந்த ஓட்டைதான்.

கேள்வி: ரவுண்ட்ஹே படம் எந்தக் கேமராவில் எடுத்தது?

பதில்: ஒற்றை லென்ஸ் கேமராவில். மகோகனி மரப்பெட்டி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பார்வைக்கு இரண்டு லென்ஸ் தெரியும். ஒன்று காட்சியைச் சரிபார்க்க மட்டும். ஈஸ்ட்மன் நிறுவனத்தின் காகிதச் சுருளில் படம் பதிந்தது. லீட்ஸ் பாலத்தில் வண்டிகள் போவதையும் இதே கேமராவில்தான் பிடித்தார்.

கேள்வி: படம் பிடித்தவர் ஏன் ஊரைக் கூட்டிக் காட்டவில்லை?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். காகிதம் காரணம். பிடிப்பதற்குக் காகிதம் போதும்; திரையில் காட்ட ஒளி ஊடுருவ வேண்டுமே! படங்களைக் கண்ணாடித் தகடுகளில் ஏற்றிப் பார்த்தார். கண்ணாடி கனம், விநாடிக்குப் பத்துத் தடவை நிறுத்தி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஒளி ஊடுருவும் மெல்லிய செல்லுலாய்டு சுருள் 1889 வாக்கில் விற்பனைக்கு வந்ததும் அதற்கு மாறத் தொடங்கினார். நியூயார்க்கில் முதல் காட்சிக்காக மனைவி ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து ஏற்பாடும் செய்தார். அவரைத் தோற்கடித்தவர் எடிசன் என்று பலர் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு நல்ல சுருள் தாமதமாக வந்ததுதான்.

கேள்வி: எடிசன் ஆள் வைத்துக் கொன்றார் என்கிறார்களே?

பதில்: துளி ஆதாரமும் இல்லை. 1890 செப்டம்பர் 16 அன்று பிரான்சின் திஜோன் நகரில் சகோதரர் வீட்டிலிருந்து பாரிஸ் ரயிலுக்குக் கிளம்பினார், பாரிசில் இறங்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை, பெட்டியும் கிடைக்கவில்லை. ரயில் நிலையத்தில் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னவர் அந்தச் சகோதரர்தான். கடன் தொல்லையில் தற்கொலை, சொத்துத் தகராறு என்று ஆளுக்கொரு கதை. 2003இல் பாரிஸ் போலீஸ் ஆவணங்களில் நீரில் மூழ்கி இறந்த ஒருவரின் 1890ஆம் ஆண்டுப் படம் கிடைத்தது. சாயல் இருக்கிறது என்றார்கள். சாயலை வைத்து ஆளை அடையாளம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கேள்வி: குடும்பம் வழக்குப் போட்டதா?

பதில்: போடவில்லை, வேறொரு வழக்கில் சாட்சி சொல்லப் போனது. 1898இல் எடிசனுக்கும் அவருடைய போட்டிப் பட நிறுவனமான அமெரிக்கன் மியூட்டோஸ்கோப்புக்கும் நடந்த காப்புரிமை வழக்கில் அடால்ஃப் சாட்சிக்கூண்டு ஏறினார். தந்தையின் கேமராக்களைக் காட்ட அனுமதி கிடைக்கவில்லை. 1901இல் தீர்ப்பு எடிசன் பக்கம் போனது. அந்த ஆண்டே அடால்ஃப் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. அதைக் கேட்க அவர் இல்லை.

கேள்வி: அந்தக் கேமரா இன்றும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. மகள் மேரி 1930இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இப்போது பிராட்ஃபர்டில் உள்ள தேசிய அறிவியல், ஊடக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லீட்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ரவுண்ட்ஹே படத்தில் மிஞ்சியவை இருபது பிரேம்கள், அதாவது இருபது தனிப்படங்கள்.