கரண்ட் வைத்துக்கொண்ட பாட்டி மடியில் பேரன் உட்காரலாமா?

கேள்வி: மாமியாருக்குப் புற்றுநோய், கோயம்புத்தூரில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கிறார்கள், கோபால்ட் மெஷினாம். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார். என் மூன்று வயதுப் பையன் பாட்டி மடியை விட்டு இறங்கமாட்டான். நாத்தனாரோ ஒரு மாசத்துக்குத் தனி ரூம், தனித் தட்டு என்கிறார். என்ன செய்ய?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக உட்காரட்டும், தட்டையும் பிரிக்காதீர்கள். கரண்ட் என்று நாம் சொன்னாலும் அது மின்சாரம் இல்லை. கோபால்ட்-60 என்ற கதிர்வீசும் உலோகத்திலிருந்து வரும் காமா கதிர், வெளிச்சத்துக்குப் பங்காளி, வேகம் ஒன்றுதான், சக்திதான் பல லட்சம் மடங்கு. உங்கள் ஊர் மூடுபனியில் டார்ச் அடித்துவிட்டு அணைத்தால் பனிக்குள் வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா? அதே கதைதான். அந்தக் கோபால்ட், மெஷினுக்குள்ளேயே கனமான கவசத்தில் இருக்கிறது, மாமியார் உடம்புக்குள் போவதே இல்லை. கரண்ட் வைத்த இடத்தில் தோல் எரியும், பையன் அங்கே சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்குச் சளி, காய்ச்சல் என்றால் தள்ளி வையுங்கள், அது பாட்டியின் நல்லதுக்கு.

நாத்தனாரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிர்வீசும் அயோடின்-131ஐ மருந்தாகவே உள்ளே கொடுப்பார்கள், அப்போது சில நாள் அந்த உடம்பிலிருந்தே காமா வரும், குழந்தைகள் விலகித்தான் இருக்க வேண்டும். எத்தனை நாள் என்று டாக்டரே சொல்லி அனுப்புவார்.

அப்படியானால் கரண்ட் வைக்கும்போது டெக்னீஷியன் ஏன் வெளியே ஓடுகிறார் என்பீர்கள். அவருக்குத் தினமும் அதே வேலை. இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒரு பங்கு. 12 மில்லிமீட்டர் ஈயம் வைத்தால் பாதி, இன்னொரு 12 வைத்தால் அதிலும் பாதி. முழுசாக நிற்கவே நிற்காது, அதனால்தான் சுவரை அவ்வளவு கனமாகக் கட்டுகிறார்கள். பயம் எங்கே என்றால் கோபால்ட் கவசத்தை விட்டு வெளியே வரும்போது. 2010ல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய காமா கருவியைப் பழைய இரும்புக் கடையில் பிரித்துவிட்டார்கள், ஒருவர் இறந்தே போனார். மஞ்சளில் மூன்று இறக்கை விசிறி மாதிரி படம் போட்ட எந்தச் சாமானையும் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: மலைமேல் இருந்தால் கதிர்வீச்சு அதிகமாமே?
- ஊட்டி வாசகர்

பதில்: உண்மைதான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், விண்வெளியிலிருந்து வரும் கதிர் சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பிடிக்கத்தான் உங்கள் ஊரிலேயே கிரேப்ஸ்-3 என்று பெரிய ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் வருஷம் முழுக்க அதில் வாங்குவதைவிட ஒரு தடவை நெஞ்சுக்கு எடுக்கும் சிடி ஸ்கேனில் பல மடங்கு அதிகம், வீட்டைக் காலி பண்ண வேண்டாம்.