காட்பாடிக் கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தி.மு.க. பொதுச் செயலாளர் துரைமுருகனின் சட்டமன்ற வாழ்க்கையைப் பற்றி வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்திலிருந்து பல கடிதங்கள் வந்து சேர்ந்திருப்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறோம். கீழே வரும் கணக்குகள் அனைத்தும் 2021 தேர்தல் வரையிலானவை.

சத்துவாச்சாரி வாசகர்: துரைமுருகன் ஐம்பது ஆண்டுகள் இடைவிடாமல் எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். இல்லை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் நண்பர் ஏமாந்ததற்கும் காரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 23 அன்று, கொரோனா காலமாதலால் கலைவாணர் அரங்கத்தில் கூடியிருந்த பேரவையில், அவர் முதன்முதலாக அவைக்குள் நுழைந்து ஐம்பது ஆண்டு நிறைந்ததைப் பாராட்டி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்தார். துரைமுருகன் கண்கலங்கிப் போனார். அந்தப் பொன்விழாச் செய்தி வாய்மொழியாகப் பரவும்போது இடையிலிருந்த இடைவெளிகள் உதிர்ந்துவிட்டன.

அவர் 1971 மார்ச்சில் காட்பாடியிலிருந்து முதன்முறை வென்றபோது வயது முப்பத்திரண்டு. அந்தப் பேரவை 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி நீக்கப்பட்டதோடு கலைந்தது. 1977 ஜூனில் அமைந்த அடுத்த பேரவை 1980 பிப்ரவரியிலேயே கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் அமைந்தது 1984 நவம்பர் வரை நீடித்தது. 1989 ஜனவரியில் அமைந்தது இரண்டே ஆண்டில், 1991 ஜனவரி 30இல் முடிந்துபோனது. இந்த நான்கிலும் அவர் உறுப்பினர். பின்னர் 1996 மே முதல் 2021 மே வரை ஐந்து பேரவைகள், முழுதாக இருபத்தைந்து ஆண்டுகள். எல்லாவற்றையும் கூட்டினால், முதல் ஐம்பது ஆண்டுகளில் அவர் உறுப்பினராக இருந்தது ஏறத்தாழ 39 ஆண்டுகள். மீதிப் பதினொன்றில் தேர்தல் தோல்விகளின் பங்கும் உண்டு, குடியரசுத் தலைவர் ஆட்சியின் பங்கும் உண்டு. 39 ஆண்டு என்பதும் சாமானியமான கணக்கில்லை என்று நண்பரிடம் சொல்லுங்கள். வாதம் சுமுகமாக முடியும்.

குடியாத்தம் வாசகர்: கட்சிக்கு அலை அடிக்கும்போது கூடவே கரையேறியவர்தானே அவர்? தனிப்பட்ட செல்வாக்கு என்று ஒன்று உண்டா?

இந்தக் கேள்விக்கு வெற்றிப் பட்டியலைப் பார்த்தால் விடை கிடைக்காது. கட்சி தோற்ற ஆண்டுகளைத்தான் பார்க்க வேண்டும். அவருடைய பத்து வெற்றிகளில் ஐந்து தி.மு.க. ஆட்சி அமைத்த ஆண்டுகளில் வந்தவை: 1971, 1989, 1996, 2006, 2021. மற்ற ஐந்தும் கட்சி எதிர்வரிசையில் உட்கார நேர்ந்த ஆண்டுகள்: 1977, 1980, 2001, 2011, 2016. 1977இல் 234 இடங்களில் தி.மு.க. பெற்றது 48. 1980இல் 37, 2001இல் 31. 2011இல் வெறும் 23 பேர்தான் கரைசேர்ந்தார்கள்; அவர்களில் ஒருவர் காட்பாடிக்காரர். அந்த வெற்றியும் மூவாயிரம் வாக்குக்குள் தப்பிப் பிழைத்ததுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எதிர்நீச்சல் அடித்தவரையும் இரண்டு அலைகள் அடித்துக்கொண்டு போயின. 1984இல் இந்திரா காந்தியின் படுகொலையும், அமெரிக்க மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். படுத்திருந்த நிலையும் சேர்ந்துகொண்டன, காட்பாடியை அ.தி.மு.க.வின் ஜி. ரகுபதி வென்றார். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட துயரத்தின் நடுவே அதே கட்சியின் கே.ஆர். கலைச்செல்வி வென்றார். இந்த இரண்டு தேர்தல்களையும் எந்தத் தனிமனிதரின் செல்வாக்கையும் அளக்கும் கோலாகக் கொள்ள முடியாது. ஆகவே, உங்கள் கூற்றில் பாதியை ஏற்கிறேன். மறுபாதியை அந்த ஐந்து ஆண்டுகள் மறுக்கின்றன.

ராணிப்பேட்டை வாசகர்: எங்கள் ஊருக்கும் அவர் எம்.எல்.ஏ.வாக இருந்ததாக அப்பா சொல்வார். உண்மையா?

அப்பா சொன்னது உண்மை. 1977, 1980 இரண்டு தேர்தல்களிலும் அவர் வென்றது ராணிப்பேட்டையில். மற்ற எட்டும் காட்பாடியில். அந்நாளில் இரண்டு ஊர்களும் வட ஆற்காடு மாவட்டத்துக்குள் இருந்தன. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனியே பிரிந்தன. வேட்பாளர் அதே ஆள்தான், மாவட்டத்துக்குத்தான் பெயர்ப்பலகை எழுதி மாளவில்லை.

ஆற்காடு வாசகர்: 2021இல் மாநிலமே உதயசூரியனுக்கு வாக்களித்தபோது, இத்தனை மூத்தவர் 746 வாக்கில் தப்பியது எப்படி?

கேட்க வேண்டிய கேள்வி. அந்தத் தேர்தலில் தி.மு.க. தனித்து 133 இடங்களை வென்றது. அவரை எதிர்த்து நின்ற அ.தி.மு.க. வேட்பாளர் வி. ராமு, அவரைப் போலவே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கினார். வித்தியாசம் 746. தொகுதியின் வாக்குச்சாவடிகளுக்குப் பிரித்துப் பார்த்தால், சாவடிக்கு இரண்டு மூன்று வாக்குதான் தேறும். ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் அன்று மதியம் வெயிலுக்குப் பயந்து திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டால் போதும்.

எண்ணிக்கை மையத்தில் இத்தகைய நாள் எப்படி நகரும் என்பது அறிந்தவர்களுக்கே தெரியும். காலை எட்டு மணிக்குத் தபால் வாக்குகள், அரை மணி கழித்து இயந்திரங்கள். கம்பி வலைக்கு இப்புறம் முகவர். மடியில் சாவடிவாரியாகப் பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவம், கையில் பென்சில். அலுவலர் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தித் திரையை முகவர்கள் பக்கம் திருப்பிக் காட்ட, அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு அடிக்கோடு போடுவார். ஒரு சுற்றில் முந்தியவர் அடுத்த சுற்றில் பிந்துவார். வெளியே பட்டாசுக் கட்டை வாங்கி வைத்தவர் பிரிக்கவும் துணியாமல், திருப்பிக் கொடுக்கவும் மனமில்லாமல் நிற்பார். கடைசியாக ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணி, இயந்திரக் கணக்கோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் சான்றிதழ்.

காரணம் என்ன என்றால், ஒற்றை விரலை நீட்டி இதுதான் என்று காட்டிவிட முடியாது. ஆயினும் பக்கத்து நிலவரத்தையும் பாருங்கள். அதே தேர்தலில் காட்பாடியை ஒட்டிய கீழ்வைத்தினான்குப்பம் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போனது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, பணப் பறிமுதல் விவகாரத்தில் ரத்தாகி, 2019 ஆகஸ்டில் தனியே நடந்த வேலூர் மக்களவைத் தேர்தலில், அவருடைய மகன் கதிர் ஆனந்த் வென்றதும் 8,141 வாக்குகளில்தான். மாநிலக் காற்று நம் பாலாற்றங்கரைக்கு வந்து சேரும்போது வேகம் குறைந்துவிடுகிறது என்பதே என் கணிப்பு. இங்கே பா.ம.க. எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் முடிவை அசைக்கும். 2021இல் அது அ.தி.மு.க. அணியில் இருந்தது.

வாலாஜாப்பேட்டை வாசகர்: தமிழ்நாட்டில் அதிக முறை வென்றவர் இவர்தானா?

இல்லை. மு. கருணாநிதி 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை 13 முறை வென்றார். நின்ற எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் தோற்கவில்லை.

காட்பாடி வாசகர்: பலமுறை பொதுப்பணித் துறையையும், பின்னர் நீர்வளத் துறையையும் வைத்திருந்தவரின் ஊரில் பாலாறு மணலாகக் கிடப்பது முரண் இல்லையா?

முரண்தான். ஆனால் முடிச்சு வேலூரில் மட்டும் இல்லை. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தின் குப்பம் வட்டாரத்தைக் கடந்தே வாணியம்பாடிப் பக்கம் நம்மிடம் வருகிறது. மேலே தடுப்பணைகள் உயர உயர, கீழே வருவது குறைகிறது. கணேசபுரத்தில் அணை கட்டும் ஆந்திரத்தின் முயற்சியை எதிர்த்து 2006இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தம். நூற்றாண்டு கடந்த காகிதம் ஒன்றை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றை மீட்பது எந்த அமைச்சருக்கும் எளிதான வேலை இல்லை. அதற்காக மணல் அள்ளலையும், தோல் தொழிற்சாலைக் கழிவையும் ஆந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. அவை நம் கரையிலேயே நடந்தவை, எல்லாக் கட்சி ஆட்சியிலும் நடந்தவை. இவற்றைக் குறித்து அவரிடம் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வேடிக்கை என்னவென்றால், 2021இல் நீர்வளம் தனித் துறையாகி அவர் கைக்கு வந்த ஆறே மாதத்தில், நவம்பர் மழையில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் உடைந்தது. ஆற்றில் தண்ணீரைப் பார்த்தறியாத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, வேலூர் பாலத்தின் மேல் நின்று காட்டினார்கள் பெற்றோர்கள்.